தூங்கி எழுந்தா உறைஞ்சு நிக்கற பேனல்: மூணு வருஷ லினக்ஸ் அனுபவம்

ஓசூர்ல வேலை பாக்கற தம்பி ஒருத்தன் நேத்து போன் பண்ணான். "அண்ணா, லேப்டாப் ஸ்லீப்ல இருந்து எழுந்தா எனக்கும் பேனல் உறைஞ்சு நிக்குது, டிஸ்ட்ரோவ மாத்திடலாமா?"ன்னு கேட்டான். டிஸ்ட்ரோன்னா லினக்ஸோட ஒரு தொகுப்பு, பேனல்னா திரையில மெனுவும் கடிகாரமும் இருக்கற பட்டை. என் கதைய முழுசா சொன்னாதான் அவனுக்குப் புரியும்.

மூணு வருஷமா ஒரே டிஸ்ட்ரோதான். காவேரிப்பட்டணத்துல மாங்கா மண்டி கணக்கு மொத்தமும் லிப்ரெஆபிஸ்ல, 8 ஜிபி ராம் இருக்கற பழைய மெஷின்ல போட்டுட்டு இருக்கேன், ஒரு ஃபைல் கூட போனதில்ல. தமிழ்99 கீபோர்ட ஐபஸ்ல (லினக்ஸ்ல பல மொழி அடிக்க உதவற மென்பொருள்) ஒரே ஒரு தடவ சேத்தேன், அவ்ளோதான், விவசாயி பேரு ஊரு பேரெல்லாம் தமிழ்லயே அடிச்சு சீட்டு எடுக்கறேன். க-வ ரெண்டு தடவ தட்டினா புள்ளி தானா விழுந்து 'க்க' வந்துடும். கை அதுக்கு அப்படிப் பழகிடுச்சு.

ஆனா அந்த பேனல்! ஜூன்ல பெங்களூரா ரக மாங்கா லோடு ஏறிட்டு இருக்கு, லாரிக்காரர் சீட்டுக்கு நிக்கறாரு, மூடிய தொறந்தா கடிகாரம் 6.20-லயே நிக்குது, நேரமோ 7 மணிய தாண்டிடுச்சு, கீழ எத க்ளிக் பண்ணாலும் அசையல. கண்ட்ரோல் ஆல்ட் எஃப்3 தட்டி டெர்மினலுக்குப் போய், லாகின் பண்ணி, பேனல கொன்னு திரும்ப எழுப்பணும். சீசன்ல தினமும் இதே வேலை, அவ்ளோ கோவம் வந்துச்சு.

பென்டிரைவ்ல லைவ்வா, அதாவது இன்ஸ்டால் பண்ணாமலே, போட்டுப் பாத்தேன். வேற டிஸ்ட்ரோ, ஆனா அதே டெஸ்க்டாப் (பேனல், மெனு, விண்டோவெல்லாம் காட்டற மென்பொருள்): அதே உறைச்சல். லினக்ஸ் மின்ட்ங்கற டிஸ்ட்ரோல சின்னமன்ங்கற வேற டெஸ்க்டாப்: பத்து தடவ தூங்க வச்சு எழுப்பினேன், ஒண்ணும் ஆகல. அப்போ கோளாறு டிஸ்ட்ரோல இல்ல, டெஸ்க்டாப்புல. வேலேண்ட (திரையில காட்டற புது முறை) விட்டுட்டு எக்ஸ்11 (பழைய முறை) செஷன்ல நுழைஞ்சா பேனல் நல்லா இருக்கு, ஆனா வெளி மானிட்டருக்கு வச்ச 125% ஸ்கேலிங் (எழுத்து, ஐகான பெருசாக்கற அளவு) லேப்டாப் திரையிலயும் வந்து உக்காந்துக்குது. டெஸ்க்டாப்போட புது வெர்ஷன்ல இந்தக் கோளாற சரி பண்ணிட்டாங்க, ஆனா நான் வச்சிருக்கறது எல்டிஎஸ் (பல வருஷம் அப்டேட் வர்ற நிலையான வெர்ஷன்), டெஸ்க்டாப்ப நடுவுல புது வெர்ஷனுக்கு ஏத்த மாட்டாங்க. அதுல தப்பு சொல்ல முடியாது, அந்த நிதானத்துக்காகத்தானே எல்டிஎஸ் போட்டோம்.

அதனால தம்பி, உடனே ஃபார்மேட் பண்ணாத. இருக்கற டிஸ்ட்ரோலயே இன்னொரு டெஸ்க்டாப்ப இன்ஸ்டால் பண்ணு, லாகின் திரையில அத தேர்ந்தெடுத்து ஒரு வாரம் ஓட்டிப் பாரு. உனக்கு அதுவே போதும்.

எனக்கும் அதுவே போதும்தான், ஆனா அந்த லாரிக்காரர் நின்னுட்டிருந்த காலையோட மனசு விட்டுப் போச்சு. ஞாயித்துக்கிழமை மின்ட் 22 போடறேன், 2029 வரைக்கும் அப்டேட் இருக்கு, சின்னமன்ல ரெண்டு திரைக்கும் தனித்தனியா ஸ்கேலிங் வச்சுக்கலாம். ஹோம் ஃபோல்டர ஹார்ட் டிஸ்க்ல எடுத்து வச்சுட்டேன். தமிழ்99-ல ஒரு சீட்டு அடிச்சு பிரிண்ட் ஒழுங்கா வந்தப்புறம்தான் பழைய டிஸ்ட்ரோ இருக்கற பார்ட்டிஷன்ல (டிஸ்க்ல பிரிச்ச பகுதி) கை வைப்பேன்.