கீழே விழுந்தால் எதை அழுத்துவது?

நான் இரண்டு ஊன்றுகோல்களில் நடப்பவன். விழுவது எனக்குப் புதிதல்ல, விழுந்த இடத்திலிருந்து எழும் வித்தையும் ஓரளவு கைவசம் உண்டு. மூன்று வருடத்துக்கு முன் குளியலறையில் சறுக்கியபோது அந்த வித்தை பலிக்கவில்லை. ஈரத்தரையில் ஊன்றுகோல் பிடிக்கவில்லை, வலது தோள் வேறு பிசகிக்கொண்டது. கைபேசி படுக்கையில் கிடந்தது. அது இரண்டு முறை அடித்து ஓய்ந்ததைத் தரையில் கிடந்தபடியே கேட்டேன். முக்கால் மணி நேரம் கழித்து அண்ணி வந்து கதவைத் தட்டினார். தாழ்ப்பாள் உள்பக்கம். அது தனிக் கதை, பிறகு சொல்கிறேன்.

அதற்குப் பிறகு உதவிக்கு அழைக்கும் கருவிகளைச் சிலவற்றை வாங்கியும் சிலவற்றை நண்பர்களிடம் இரவல் கேட்டும் பார்த்துவிட்டேன். விளம்பரங்கள் எல்லாம் திரை எவ்வளவு பெரியது, இதயத் துடிப்பை அளக்குமா என்றுதான் பேசுகின்றன. எனக்குத் தெரிய வேண்டியது வேறு. தரையில் கிடக்கும்போது கைக்கு எட்டுமா? எட்டினாலும் என் கையால் இயக்க முடியுமா? இயக்கினால் மறுமுனையில் யார் எடுப்பார்கள்?

கழுத்துப் பட்டன்தான் இவற்றில் மூத்தது, 1970களிலிருந்தே புழக்கத்தில் இருக்கிறது. கழுத்திலோ மணிக்கட்டிலோ ஒரு பட்டன், வீட்டில் ஒலிபெருக்கியோடு ஒரு பெட்டி. அழுத்தினால் பட்டன் ரேடியோ அலை வழியே பெட்டியை எழுப்பும், பெட்டி கண்காணிப்பு மையத்தையோ உறவினரையோ அழைக்கும். ஐரோப்பாவில் 869.2 முதல் 869.25 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையை இந்த வகைக் கருவிகளுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். மற்ற ரேடியோ சாதனங்களின் இரைச்சலில் உதவிக் குரல் அமுங்கக் கூடாது என்பதற்காக.

இதன் பலம் மந்தபுத்தி. ஒரே ஒரு வேலைதான் தெரியும், அதைச் சரியாகச் செய்யும். தினமும் சார்ஜ் போட வேண்டாம். திரை இல்லை, தேட வேண்டிய மெனு இல்லை. பார்வையில்லாதவர் தடவியே அழுத்தலாம். ஒரு கை இயங்காதவர் எந்தக் கை மிச்சமோ அதால் அழுத்தலாம். பலவீனமும் இதிலேயே இருக்கிறது. சாதாரண மாடல் வாசலைத் தாண்டினால் வெறும் தாயத்து. சிம், ஜிபிஎஸ் உள்ள மாடல்கள் வெளியிலும் வேலை செய்யும், ஆனால் அப்போது சார்ஜ் போடும் வேலை வந்துவிடும். இன்னொன்று, பல நாடுகளில் பழைய செம்புக் கம்பித் தொலைபேசி இணைப்புகளை நீக்கி வருகிறார்கள். அதை நம்பிய பழைய பெட்டியை யாராவது இலவசமாகக் கொடுத்தால் வாங்கும் முன் யோசியுங்கள்.

இதைப் பற்றிச் சங்கடமான ஓர் உண்மையும் உண்டு. 90 வயது கடந்தவர்களைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் ஓராண்டு பின்தொடர்ந்து, 2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். பதிவான விழுகைகளில் 30 சதவீதத்தில் விழுந்தவர் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தரையில் கிடந்திருக்கிறார். அலாரம் இல்லாமல் அல்ல. பலரிடம் இருந்தது. நெடுநேரம் கிடந்தவர்களில் பெரும்பாலோர் அதை அழுத்தவேயில்லை. ஏன் என்று எனக்குப் புரிகிறது. கழற்றி ஆணியில் மாட்டியிருப்பார்கள், அல்லது 'இதுக்குப் போய் ஊரைக் கூட்டணுமா' என்று எழ முயன்றுகொண்டே இருந்திருப்பார்கள். நானும் முதல் பத்து நிமிடம் அதைத்தான் செய்தேன்.

அழுத்த மனம் வராதவருக்கும் நினைவு தப்பியவருக்கும் தானே அழைக்கும் கருவி வேண்டும் என்பதுதான் கைக்கடிகாரத்தின் வாதம். 2018இல் வந்த ஆப்பிள் வாட்சின் நான்காம் தலைமுறையிலிருந்து விழுவதை உணரும் வசதி இருக்கிறது, பிற நிறுவனங்களும் கொண்டுவந்துவிட்டன. ஆப்பிளில் பலமாக விழுந்தால் கை அதிரும், ஒலி எழும். ஒரு நிமிடம் போல அசையாமல் கிடந்தால் 30 விநாடி எண்ணிவிட்டு அவசர எண்ணைத் தானே அழைக்கும். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வசதி 55 வயதும் அதற்கு மேலும் என்று பதிந்தவர்களுக்குத்தான் தானாக இயங்கும். முப்பது வயது மாற்றுத்திறனாளி, கடிகாரத்தின் செட்டிங்ஸுக்குள் போய்த் தானே இயக்கிக்கொள்ள வேண்டும். வயதானவர்தான் விழுவார் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல், எதை விழுகை என்று கடிகாரம் நினைக்கிறது என்பது. நின்றவர் சட்டென்று சரிந்து தரையில் மோதுவதுதான் அதற்குத் தெரிந்த விழுகை. வேகமான இறக்கம், பலத்த அடி, பிறகு அசைவின்மை. சக்கர நாற்காலியில் இருக்கும் என் தோழி அப்படி விழுவதில்லை. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும்போது நடுவில் வழுக்கி, மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிடுகிறார். உயரமும் குறைவு, அடியும் குறைவு. அவருடைய கடிகாரத்துக்கு அது ஒரு சம்பவமே இல்லை. என் கதை நேரெதிர். நான் கட்டியிருப்பது ஆப்பிள் அல்ல, அதற்கு ஊன்றுகோலை ஓங்கி ஊன்றினாலே போதும், 'விழுந்துவிட்டீர்களா?' என்று விசாரிக்க ஆரம்பித்துவிடும். கட்டுப்பாடில்லாத அசைவுகள் உள்ளவர்களுக்கும் இந்தப் பொய் அலாரத் தொல்லை உண்டு. நாலு முறை பொய்யாக அழைத்த கருவியை ஐந்தாம் நாள் நாமே அணைத்துவிடுவோம்.

பக்கவாதத்தில் ஒரு பக்கம் இயங்காதவர்கள் கடிகாரத்தை எந்தக் கையில் கட்டுவது? பழக்கம் நல்ல கையைக் காட்டும். அங்கே கட்டினால் அதன் பட்டனை அழுத்த வேண்டிய கை இயங்காத கை. ஆக, செயலற்ற கையில் கட்டி நல்ல கையால் அழுத்துவதே வழி. விழும்போது நல்ல கை உடம்புக்கடியில் மாட்டிக்கொண்டால் அதுவும் போச்சு. குரலால் கூப்பிடலாம் என்பார்கள். பேச்சு குழறும் பலரின் குரல் அந்தக் கருவிகளுக்குப் புரிவதில்லை.

சார்ஜ் விஷயம் சின்னதாகத் தெரியும், சின்னதல்ல. சாதாரண ஆப்பிள் வாட்ச் மாடல்களுக்கு அந்த நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த கணக்கு 18 மணி நேரம். மீதி நேரம் சார்ஜரில், பெரும்பாலும் ராத்திரி. அரைத்தூக்கத்தில் குளியலறைக்குப் போகும்போது மணிக்கட்டு வெறுமையாக இருக்கும்.

கைபேசி ஏற்கெனவே எல்லோரிடமும் இருக்கிறது. 2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12இல் பவர் பட்டனை ஐந்து முறை தட்டினால் அவசர அழைப்பு போகும் வசதி வந்தது, ஐபோனிலும் பட்டன்களைப் பிடித்தோ தட்டியோ அழைக்கலாம். சில கைபேசிகள் அழைக்கும் முன் சைரன் போல அலறும். விழுந்தவருக்கு அது நல்லது. யாரோ மிரட்டும்போது ரகசியமாக உதவி கேட்பவருக்கு அது ஆபத்து, அமைப்புகளில் போய் அணைத்து வையுங்கள். வெளியே போகும்போது கைபேசியை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை: இருப்பிடம் தெரியும், செய்தி அனுப்பும், வீடியோ அழைப்பில் சைகை மொழி பேசலாம். வீட்டுக்குள் அதன் மதிப்பெண் பூஜ்யத்துக்குப் பக்கம். நான் விழும்போது அது என்னோடு இருந்ததே இல்லை.

காது கேளாத நண்பர் ஒருவர் இந்தப் பட்டியலையே ஒரு கேள்வியில் கவிழ்த்தார். "எல்லாமே கடைசியில் குரல் அழைப்புதானே?" ஆமாம். பட்டனை அழுத்திய பிறகு மறுமுனையில் ஒருவர் 'ஹலோ, என்ன ஆச்சு' என்கிறார், இவருக்குக் கேட்காது. அழைப்பு போனதா என்பதே தெரியாமல் காத்திருப்பார். அவருக்கு வேண்டியது அதிர்ந்தோ ஒளிர்ந்தோ 'செய்தி போய்ச் சேர்ந்தது' என்று சொல்லும் கருவி, குறுஞ்செய்தியை ஏற்கும் அவசர சேவை. சில நாடுகளில் அந்தச் சேவை உண்டு, ஆனால் பிரிட்டனில் 999க்குக் குறுஞ்செய்தி அனுப்ப முன்கூட்டியே எண்ணைப் பதிந்திருக்க வேண்டும். தரையில் கிடந்தபடி பதிவு செய்ய முடியாது அல்லவா.

கழிப்பறையில் தொங்கும், இழுத்தால் உதவிக்கு அழைக்கும் சிவப்புக் கயிறுதான் என் செல்லம். மின்னணு ஜாலம் எதுவும் இல்லை. உடம்பில் அணிய வேண்டாம், மறக்க வாய்ப்பில்லை, ஈரக்கையால் இழுக்கலாம், விரல்கள் மடங்காவிட்டால் முழங்கையை வளையத்தில் மாட்டி இழுக்கலாம். பிரிட்டனின் கட்டட வழிகாட்டி விதிப்படி அதில் இரண்டு சிவப்பு வளையங்கள் இருக்க வேண்டும், ஒன்று 80 முதல் 100 சென்டிமீட்டர் உயரத்தில், மற்றது தரையிலிருந்து 10 சென்டிமீட்டரில். அந்த 10 சென்டிமீட்டரை எழுதியவர் ஒருநாளாவது விழுந்திருக்க வேண்டும். ஆனால் பொதுக் கழிப்பறைகளில் துடைக்க இடைஞ்சல் என்று கயிற்றைச் சுருட்டி மேலே முடிச்சுப் போட்டு வைத்துவிடுகிறார்கள். இதற்காகவே எடின்பரோவிலிருந்து இயங்கும் யூவன்ஸ் கைடு என்ற தொண்டு அமைப்பு, 'கயிற்றைத் தரைவரை தொங்க விடுங்கள்' என்று சொல்லும் அட்டைகளை அச்சிட்டுக் கொடுக்கிறது. முடிச்சைப் பார்த்தால் அவிழ்த்துவிட்டு அட்டையை மாட்டிவிட்டு வரலாம். கயிற்றின் குறை, அது அந்த அறையை விட்டு நகராது.

பின்னை இழுத்தால் அலறும் சாவிக்கொத்து அலாரம் பற்றி நீட்ட ஒன்றும் இல்லை. பக்கத்தில் ஆள் இருந்தால் உதவும். பலவற்றைப் பிடிக்க ஒரு கை, இழுக்க ஒரு கை வேண்டும். விசிலுக்கு மூச்சு வேண்டும், கழுத்துத் தண்டுவடக் காயத்தில் மூச்சுத் தசைகள் தளர்ந்தவர்களிடம் அதுவே இருக்காது. பேசினால் அழைக்கும் ஸ்மார்ட் ஸ்பீக்கர் கை அசையாதவர்களுக்குப் பெரிய வரம். ஆனால் அவசர எண்ணை எல்லா இடத்திலும் நேராக அழைக்காது, மின்சாரம் போனால் அதுவும் போகும். வாங்கிய அன்றே உறவினர் எண்ணை அழைக்கச் சொல்லிப் பாருங்கள்.

எந்தக் கருவி வாங்கினாலும் ஐபி67 என்ற முத்திரையைப் பார்ப்போம். ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும் என்பது அதன் பொருள். சோதித்தது சாதா நீரில், சோப்பு நுரையிலும் சுடுநீர் ஆவியிலும் அல்ல. கழுத்தில் மாட்டுவதென்றால் இழுத்தால் தானே கழன்றுவிடும் கயிறா என்றும் பாருங்கள், நாற்காலியின் கைப்பிடியில் சிக்கிக்கொண்டால் அதுதான் காப்பாற்றும்.

சரி, தாழ்ப்பாள் கதை. அன்று அண்ணி வந்த பிறகும் கதவைத் திறக்க இருபது நிமிடம் ஆனது. உலகின் சிறந்த பட்டன் கழுத்தில் இருந்திருந்தாலும் அந்த இருபது நிமிடம் குறைந்திருக்காது. இப்போது குளியலறையில் வெளியிலிருந்தும் காசு வைத்துத் திருப்பித் திறக்கும் பூட்டு. வாசலில் எண் பூட்டுப் போட்ட சிறு சாவிப் பெட்டி, எண் நாலு பேருக்குத் தெரியும். எந்த அழைப்புக் கருவியையும் வாங்கும் முன் இதைச் செய்திருக்க வேண்டும்.

கடைசியில் என் வீட்டில் நிலைத்தவை இரண்டு: குளியலறையில் தரைவரை தொங்கும் கயிறு, மற்ற நேரம் மணிக்கட்டில் அந்தப் பழைய மந்தபுத்தி பட்டன். கடிகாரம் வெளியே போகும்போது மட்டும், விழுவதை உணரும் வசதியை அணைத்துவிட்டு. தோழி ஸ்பீக்கரும் கழுத்துப் பட்டனும் வைத்திருக்கிறார், காது கேளாத நண்பர் அதிரும் கடிகாரத்தை விட்டு நகர மாட்டார். மாதத்தில் ஒரு நாள் நான் வேண்டுமென்றே தரையில் படுத்துக்கொண்டு கயிற்றை இழுத்துப் பார்ப்பேன். போன மாதம் அண்ணன் எடுக்க நாலு நிமிடம் ஆனது, கைபேசியைச் சைலன்ட்டில் போட்டிருந்தாராம். அவர் எண்ணை இரண்டாவது இடத்துக்குத் தள்ளிவிட்டு, அண்ணி எண்ணை முதலில் வைத்திருக்கிறேன்.