வள்ளி கும்மி வீடியோவும் டாவின்சி ரிசால்வ் ஆடியோ சிங்க்கும்

கொங்குப் பக்கம் நோம்பிகளில் (திருவிழாக்களில்) வள்ளி கும்மி எடுக்கும் வீடியோக்காரர்களுக்கு டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பைத் தாராளமாகச் சொல்வேன். கேமரா மைக்கை மட்டும் நம்பினால் பாடுகிற கும்மி ஆசிரியரின் குரல் கூட்டத்து இரைச்சலில் அமுங்கிவிடும், அதனால் ஆசிரியர் பக்கத்தில் தனி ரெக்கார்டர் வைத்தே ஆக வேண்டும். அப்புறம் எடிட்டிங்கில் மீடியா பூலில் (கிளிப்புகள் இருக்கும் இடம்) கேமரா வீடியோ, ரெக்கார்டர் ஒலி இரண்டு கிளிப்பையும் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து, ஆட்டோ சிங்க் ஆடியோவில் ஒலி அலையின் வடிவத்தை ஒப்பிடும் வேவ்ஃபார்ம் முறையைக் கொடுத்தால் அதுவே பொருத்திவிடுகிறது, காசு செலவே இல்லாமல். கேமராவிலும் ஒலி பதிவாகியிருக்க வேண்டும், கரகரவென்று இருந்தாலும் சரி.

ஒன்றைக் கவனியுங்கள். கும்மி வட்டம் பெரிது, கேமரா 35 மீட்டர் தள்ளி நின்றால் ஒலி அங்கே வந்து சேரவே சுமார் 0.1 விநாடி ஆகும், விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் அது இரண்டரை ஃபிரேம். மென்பொருள் அந்தத் தாமதமான ஒலியோடுதான் ரெக்கார்டரைப் பொருத்தும், ஆகவே கை தட்டியதைப் பார்த்த பிறகுதான் சத்தம் கேட்கும். ஆடியோவை இரண்டு ஃபிரேம் முன்னதாகவே கேட்கும்படி நகர்த்துங்கள், அடி சரியாக உட்காரும். நீளமான பதிவு என்றால் கடைசிப் பகுதியையும் பார்த்துவிடுங்கள், இரண்டு கருவிகளின் கடிகாரமும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக ஓடாது.