சூயஸ் கால்வாய் + அகபா: கப்பல் பயணத்தில் எதற்குக் காசு கொடுக்கலாம்?

இந்தப் பயணத்தில் கால்வாய் நாள்தான் உச்சம். அதற்குத் தனியாக டூர் எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஜோர்டானின் அகபாவில் நிற்கும் நாள் நன்றாக அமைவது, கப்பல் அங்கே எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

போர்ட் சயீதிலிருந்து சூயஸ் நகரம் வரை 193 கி.மீ. கப்பல்கள் கான்வாயாக வரிசைகட்டி, கரை அரிக்காதபடி மணிக்கு ஏறத்தாழ 15 கி.மீ. வேகத்தில் போகும். கடந்து முடிக்க 12 முதல் 16 மணி நேரம் ஆகும். மத்தியதரைக் கடல், செங்கடல் இரண்டின் நீர்மட்டத்திலும் பெரிய வேறுபாடு இல்லாததால், பனாமா கால்வாய் போலக் கப்பலை ஏற்றி இறக்கும் லாக் கதவுகள் கிடையாது. அதை எதிர்பார்த்து வருபவர்களுக்கு ஏமாற்றம்தான்.

தெற்கு நோக்கிப் போகும்போது வலப்பக்கம் வயலும் பேரீச்சை மரங்களும் ஊர்களும். இடப்பக்கம் சினாய் மணல். காலையில் கிழக்கு வெயில் வலக்கரையில் விழும், மாலையில் இடக்கரையில். அதனால் இந்த ஒரு நாளுக்காகப் பால்கனி கேபினுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்: பாதிக் காட்சிதான் கிடைக்கும். மேல்தளத்தின் முன்பகுதியில் விடியும் முன்பே இடம்பிடித்துவிடுங்கள். குளிர்காலத்தில் ஜாக்கெட் கட்டாயம், தொப்பிக்குக் கயிறும் வேண்டும்.

கந்தராவில் வரும் பாலம் நீருக்கு மேல் 70 மீட்டர் உயரம். ஆனாலும் புகைபோக்கி இடித்துவிடும் என்றே கண் சொல்லும். அடுத்து எல் ஃபெர்தான் ரயில் பாலம். அதன் பிறகு இஸ்மாயிலியா. 2015-இல் திறந்த இணைக் கால்வாய் இந்தப் பகுதியில்தான் ஓடுகிறது. அதன் தண்ணீர் நம் கண்ணில் படாது. மணல்மேட்டுக்கு அப்பால் கன்டெய்னர் அடுக்குகள் மட்டும் எதிர்த்திசையில் நகரும். இதைப் பார்க்காமல் மதியச் சாப்பாட்டுக்கு இறங்கிவிடாதீர்கள். பெரிய கசப்பு ஏரி வந்தபின் சாப்பிடலாம், அங்கே கரை தள்ளிப்போய்விடும். 1967 போரில் சிக்கிய 14 கப்பல்கள் எட்டு ஆண்டுகள் நின்றது அந்த ஏரியில்தான்.

அகபா ஜோர்டானின் ஒரே துறைமுகம். பாறையில் குடைந்த பழைய நகரமான பெட்ரா அங்கிருந்து சாலையில் இரண்டு மணி நேரம், வாடி ரம் பாலைவனம் ஒரு மணி நேரம். கப்பல் 11 மணி நேரம் நின்றாலும், இறங்கும் வரிசை, போக வர நான்கு மணி, புறப்படுவதற்கு முன் கப்பலேறும் கெடு எல்லாம் போகப் பெட்ராவில் நான்கைந்து மணிதான் மிஞ்சும். பெட்ரா நுழைவாயிலிலிருந்து, பாறையில் செதுக்கிய கஸ்னே முகப்புக்கு ஏறத்தாழ 2 கி.மீ.; அதில் 1.2 கி.மீ. சிக் எனும் பாறை இடுக்கு. போகும்போது இறக்கம், திரும்பும்போது வெயிலில் ஏற்றம். இங்கேதான் பலர் நேரத்தைக் கோட்டை விடுகிறார்கள். 800-க்கு மேல் படிகள் உள்ள மடாலத்தை இந்த நேரத்தில் சேர்க்கவே கூடாது.

எட்டு மணி நேரமே நின்றால் பெட்ராவை விட்டுவிட்டு வாடி ரம் போங்கள். ஜீப்பில் இரண்டு மூன்று மணி நேரம் நிதானமாகச் சுற்றலாம். தனி டாக்சி பிடித்தால் வாடகையைத் தினாரில் பேசி முடியுங்கள். ஒரு தினார் ஏறத்தாழ 1.41 டாலர் என்பதால், எந்த நாணயம் என்று சொல்லாமல் விட்டால் பின்னால் தகராறு வரும். பெட்ராவுக்கு மட்டும், விலை கூடினாலும் கப்பலின் டூரே நல்லது. பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், தனி டாக்சிக்குக் காத்திருக்காது.

2023 இறுதியிலிருந்து செங்கடல் தாக்குதல்களால் பல கப்பல்கள் இந்த வழியைத் தவிர்த்தன. முன்பணம் கட்டும் முன், வழி மாறினால் என்ன திரும்பக் கிடைக்கும் என்ற விதியைப் படித்துவிடுங்கள்.