குடையா, சாஃப்ட்பாக்ஸா? செங்கோட்டைப் பக்கம் வெளியில் போர்ட்ரெய்ட் எடுக்க

ஆனி, ஆடியில் ஆரியங்காவு கணவாய் வழியே இறங்கும் காற்று, தென்காசி மாவட்டச் செங்கோட்டையில் லைட் ஸ்டாண்டை நிற்க விடாது. ஃபிளாஷ் ஒளியை மென்மையாக்கும் 43 அங்குல வெள்ளைக் குடை, 90 செ.மீ. ஆக்டா சாஃப்ட்பாக்ஸ் (முன்பக்கம் வெள்ளைத் துணி போர்த்திய எண்கோணப் பெட்டி) இரண்டுமே காற்றைப் பிடிக்கும். குடையின் கம்பிதான் பெரும்பாலும் மடங்கித் திரும்பும். சாஃப்ட்பாக்ஸோ ஃபிளாஷையும் சேர்த்துச் சாய்த்துவிடும். எதை மாட்டினாலும் ஸ்டாண்டின் ஒரு காலைக் காற்று தள்ளும் பக்கம் நீட்டி, நடுத்தண்டின் அடியில் 8 கிலோ மணல் மூட்டை கட்டுங்கள். சாரல் விழுந்தால் ஃபிளாஷை உடனே அணைத்து மூடுங்கள்.

வீட்டுக்குள் வந்தால் சாஃப்ட்பாக்ஸ்தான், தயங்க வேண்டாம். குடை எல்லாப் பக்கமும் வெளிச்சத்தைச் சிதறடிக்கும். பச்சைச் சுவர் உள்ள சின்ன அறையில் அது சுவரில் பட்டுத் திரும்பி, தாடையோரம் பச்சை படியும். அதைப் போக்க ஒயிட் பேலன்ஸை (கேமராவின் நிறச் சமநிலையை) மாற்றினால் முகத்தின் மறுபாதி மெஜந்தாவாகும். சாஃப்ட்பாக்ஸில் கிரிட் (ஒளி பக்கவாட்டில் சிதறாமல் தடுக்கும் கட்டத் துணி) மாட்டினால் சுவருக்குப் போகும் ஒளி வெகுவாகக் குறையும். முகத்திலிருந்து 1 மீட்டரில் வையுங்கள். 2 மீட்டருக்குத் தள்ளினால் சுமார் 2 ஸ்டாப் ஒளி போய்விடும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்).

திறந்த முற்றத்தில் ஐந்து பேர் குடும்பப் படமென்றால் குடையே மேல். 2.5 மீட்டரில் ஓரத்தில் நிற்பவருக்கும் ஒளி எட்டும், விரிக்கவும் நொடிதான்.

இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றே: ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன்) 100, ஷட்டர் வேகம் 1/200 நொடி. ஃபிளாஷ் இல்லாமல் பின்னணி ஒரு ஸ்டாப் இருட்டாகும்வரை அப்பர்ச்சரை (லென்ஸின் ஒளித்துளையை) சுருக்கி, பிறகு ஃபிளாஷை ஏற்றுங்கள்.