1.1.1.3: அம்மா போனைப் பிள்ளை எடுக்கும் வீடுகளுக்கு

டிஸ்ப்ளே மாற்ற, சார்ஜிங் போர்டு பார்க்க என்று காரைக்குடியில் எங்கள் சர்வீஸ் கடைக்கு வரும் அம்மாக்கள், வேலை முடிந்து காசு கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்பார்கள்: "தம்பி, பையன் போனை எடுத்தா கண்ட கண்ட படமெல்லாம் வருது. வராம பண்ண முடியுமா?" பெருமளவு முடியும். அதற்கு நான் முதலில் போட்டுக் கொடுப்பது கிளவுட்ஃப்ளேர் என்ற இணையக் கம்பெனியின் 1.1.1.3 என்ற தடுப்புச் சேவை. 2020 ஏப்ரலில் வந்தது. இலவசம். ஆப் ஏற்ற வேண்டாம், அக்கவுண்ட் தொடங்க வேண்டாம்.

ஒரு தளத்தைத் திறக்கும்போது, அதன் பெயருக்குரிய எண் முகவரி எது என்று போன் ஒரு டிஎன்எஸ் சர்வரிடம் கேட்கும். வழக்கமாக அந்தக் கேள்வி சிம் கம்பெனியின் சர்வருக்குப் போகும். அதை 1.1.1.3 பக்கம் திருப்பிவிட்டால், ஆபாசத் தளம், வைரஸ் பரப்பும் தளம் என்று அவர்கள் பட்டியலில் உள்ள எதைக் கேட்டாலும் 0.0.0.0 என்று பதில் வரும். பக்கம் திறக்காது. 1.1.1.2 என்று இன்னொன்று இருக்கிறது. அது வைரஸ் தளங்களை மட்டும்தான் தடுக்கும், மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

இதன் அருமை தெரிவது விளம்பரங்களில்தான். பிள்ளை தேடிப் போய்ப் பார்க்கிறான் என்றுதான் பெற்றோர் நினைக்கிறார்கள். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா தன் ரெட்மியைக் கொண்டுவந்து என் முன்னாலேயே அவனை அடிக்கக் கை ஓங்கினார். பிரவுசர் ஹிஸ்டரியைத் திறந்து நேரத்தைக் காட்டினேன். முதலில் ஒரு கேமின் மோட் ஏபிகே, அதாவது யாரோ மாற்றி வைத்த கேம் ஃபைலை இறக்கும் தளம். அதற்கடுத்து வாயால் சொல்ல முடியாத பெயர்களில் வரிசையாகத் தளங்கள், எல்லாம் அதே நிமிடத்தில். டவுன்லோட் பட்டனைத் தொட்டிருக்கிறான், விளம்பரம் டேப் டேப்பாகத் திறந்துகொண்டே போயிருக்கிறது. "அக்கா, இவன் எதையும் தேடலை, பாருங்க" என்றேன். அந்தப் பையன் அதுவரை தலையே நிமிரவில்லை. திருட்டுப் படம் இறக்கும் தளங்களிலும் இதே கதைதான். இப்படித் தள்ளிவிடப்படும் பிள்ளைகளுக்கு இந்த ஃபில்டர் உண்மையான காவல்.

ஆண்ட்ராய்டு 9 அல்லது அதற்கு மேல் எந்த போனாக இருந்தாலும் செட்டிங்ஸில் பிரைவேட் டிஎன்எஸ் என்று இருக்கும். சாம்சங்கில் கனெக்‌ஷன்ஸ் உள்ளே, மோர் கனெக்‌ஷன் செட்டிங்ஸில் தேடுங்கள். அங்கே எண்ணைப் போட்டால் ஏற்காது, பெயரைத்தான் போட வேண்டும்: ஃபேமிலி, புள்ளி, கிளவுட்ஃப்ளேர், சிறுகோடு, டிஎன்எஸ், புள்ளி, காம் (family.cloudflare-dns.com). எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல். இப்படிப் போட்டால் வைஃபை, மொபைல் டேட்டா இரண்டிலும் வேலை செய்யும். ரூட்டரில் போட்டால் வீட்டு டிவிக்கும் சேர்த்துக் காவல். ஆனால் 1.1.1.3, அதன் துணை எண் 1.0.0.3 இரண்டை மட்டும் போட்டு நிறுத்தினால், ஐபிவி6 என்ற புது வகை முகவரி ஓடும் இணைப்பில் ஓட்டை விழும். அதற்கு 2606:4700:4700::1113 என்பதையும் சேர்க்க வேண்டும். சில இணைப்புகளில் கொடுக்கும் ரூட்டரில் இதை மாற்றவே விட மாட்டார்கள். அப்போது ஒவ்வொரு போனிலும் தனித்தனியாகப் போடுவதுதான் வழி.

தொந்தரவு என்றால், லாட்ஜ், ரயில்வே ஸ்டேஷன் வைஃபைகளில் ஓடிபி கேட்கும் பக்கம் சில நேரம் வராது. கொஞ்ச நேரம் ஆஃப் செய்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும். விவரம் தெரிந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை செட்டிங்ஸில் போய் இதை எடுத்துவிடும், அல்லது இந்தத் தடுப்பைச் சுற்றிப் போகும் விபிஎன் ஆப்பை ஏற்றிக்கொள்ளும். சின்னப் பிள்ளைகளுக்கு 5-க்கு 4 மதிப்பெண் தாராளமாகக் கொடுப்பேன். பெரிய பிள்ளைகளுக்கு இதை மட்டும் நம்பச் சொல்ல எனக்கு மனம் வராது.

அவர்களுக்கென்று தனிப் போன் வாங்கிக் கொடுத்தால் கூகுளின் ஃபேமிலி லிங்க் சரியாக இருக்கும். அதுவும் இலவசம்தான். எந்த ஆப் ஏற்றலாம், எத்தனை மணி வரை பார்க்கலாம் என்பதை அம்மா தன் போனிலிருந்தே முடிவு செய்யலாம். ஆனால் பிள்ளையின் பெயரில் அக்கவுண்ட் போட்ட போனுக்குத்தான் அது. பேங்க் மெசேஜும் சங்கக் குழுவும் ஸ்கூல் வாட்ஸ்அப்பும் ஒரே போனில் இருக்கும் வீட்டில் அது ஒத்துவராது.

இன்னொன்றையும் சொல்லாமல் யாரையும் நான் அனுப்புவதில்லை. டிஎன்எஸ் ஃபில்டர் தளத்தின் பெயரைத்தான் பார்க்கும், தளத்துக்குள் நடப்பதைப் பார்க்காது. யூடியூபுக்குள் வரும் வீடியோ, இன்ஸ்டாகிராம் மெசேஜ், ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் கேமில் முன்பின் தெரியாதவன் வாய்ஸ் சாட்டில் பேசுவது, "போட்டோ அனுப்பு, டைமண்ட் தர்றேன்" என்று கேம் காசைக் காட்டி இழுப்பது, எதையும் இது தடுக்காது. அதனால் போனைத் திருப்பிக் கொடுக்கும் முன் யூடியூபில் ரெஸ்ட்ரிக்டட் மோடை ஆன் செய்கிறேன். வாட்ஸ்அப் பிரைவசியில், குரூப்பில் சேர்ப்பதைத் தெரிந்த நம்பர்களுக்கு மட்டும் என்று மாற்றி, தெரியாத அழைப்புகளை சைலண்ட் செய்கிறேன். கேமில் வாய்ஸ் சாட்டை அணைத்து வைக்கிறேன். யாராவது பிள்ளையிடம் படம் கேட்டு மிரட்டியிருந்தால், அந்த சாட்டை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள். அழித்துவிட்டு வந்தால் என்னால் மீட்டுத் தர முடியாது.