சனிக்கிழமைக் காற்பந்து: 420 வெள்ளி வகுப்பும் 10 வெள்ளி வகுப்பும்

என் மகள் தொடக்கநிலை 4ல் படிக்கிறாள். அவள் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குக் காற்பந்து இணைப்பாட நடவடிக்கை இல்லை. அதனால் ஒன்றரை ஆண்டாக வெளியில்தான் விளையாடுகிறாள். முதலில் கட்டணம் வாங்கும் ஒரு பயிற்சிக்கூடம், அப்புறம் சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பக்கத்தில் தொண்டூழியர்கள் நடத்தும் ஒரு சின்னக் குழு. இரண்டையும் திடல் ஓரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நான் பாலர் பள்ளி ஆசிரியை. ஒரு பெரியவர் பிள்ளையிடம் எப்படிப் பேசுகிறார் என்பதுதான் என் கண்ணில் முதலில் படும்.

பயிற்சிக்கூடத்தில் 12 வாரத்துக்கு 420 வெள்ளி, சீருடைக்குத் தனியாக 75. கொடுத்த காசுக்கு நல்லதும் கிடைத்தது, அதை மறைக்கக் கூடாது. இந்த வாரம் இன்னது என்று திட்டம் இருந்தது. நீண்ட வரிசையில் நிற்க வைக்காமல், நாலு பேருக்கு நாலு பேர் என்று சின்ன ஆட்டங்களாகப் பிரித்து விட்டார்கள். அதனால் ஒவ்வொரு பிள்ளையின் காலிலும் பந்து அடிக்கடி பட்டது. வருகிற பந்தை இடது காலால் நிறுத்த என் மகள் கற்றுக்கொண்டது அங்கேதான். வெயில் விஷயத்திலும் கவனமாக இருந்தார்கள். ஈரப்பதம், வெயில், காற்று எல்லாம் சேர்த்துக் கணக்கிடும் வெப்ப அழுத்த அளவு 2023லிருந்து கைப்பேசியிலேயே கிடைக்கிறது. அது 33 டிகிரியைத் தொட்டால் ஓட்டத்தை நிறுத்திப் பிள்ளைகளை நிழலுக்கு அழைத்துவிடுவார்கள்.

ஆனால் 12 பேருக்கு ஒரு பயிற்றுவிப்பாளர் என்று சொல்லிச் சேர்த்துவிட்டு, பல வாரங்களில் 20 பேருக்கு ஒருவரை விட்டார்கள். 12 வாரத்தில் மூன்று பேர் மாறினார்கள். மூன்றாவதாக வந்தவருக்குக் கடைசி வரை என் மகளின் பெயர் தெரியாது. சட்டை எண்ணைச் சொல்லித்தான் கூப்பிட்டார்.

அந்த இளைஞரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு நாள் இடி எச்சரிக்கைச் சங்கு ஊத, எல்லாரும் கூரைக்குக் கீழே ஒதுங்கினோம். அப்போது சொன்னார்: மணிக்கணக்குச் சம்பளம், சனிக்கிழமை மட்டும் மூன்று திடல், மழையால் வகுப்பு நின்றால் காசு இல்லை. ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர் மாதங்களில் இங்கே எத்தனை பிற்பகல் இடியோடு போகிறது என்று யோசித்துப் பாருங்கள். வகுப்பு முடிந்ததும் வண்டி பிடித்து அடுத்த திடலுக்கு ஓடுகிறவர் 20 பெயரை எப்போது மனப்பாடம் செய்வார்? பெற்றோர் 20 பேர் சேர்ந்து ஒரு பருவத்துக்கு 8,400 வெள்ளி கட்டியிருக்கிறோம். அதில் பிள்ளையோடு திடலில் நிற்கிறவருக்கு இன்னும் கொஞ்சம் நிம்மதி கிடைத்திருக்க வேண்டும்.

ஈசூன் குழுவுக்குப் பதாகை இல்லை, இணையப் பக்கமும் இல்லை. வார இறுதியில் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் பள்ளித் திடலில் சனிக்கிழமை காலை 8 முதல் 10 வரை நடக்கிறது. மாதம் 10 வெள்ளி, அது பந்துக்கும் கூம்புகளுக்கும். நடத்துகிறவருக்கு 66 வயது. செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இளவயதில் ஃபேரர் பார்க் திடலில் விளையாடியவர். பிள்ளைகள் அவரை அங்கிள் என்கிறார்கள், நாங்கள் அண்ணே என்கிறோம். அவரோடு இன்னும் மூன்று தொண்டூழியர்கள். மொத்தம் 18 பிள்ளைகள். அணி பிரிக்கப் பிள்ளைகள் சட்டைக்கு மேல் போடும் மேலங்கிகளை வாரா வாரம் அவர்தான் வீட்டில் துவைத்துக் கொண்டுவருகிறார்.

இரண்டாவது வாரம் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“பாப்பா ஷூ என்ன சைஸ்மா?”

“போன வருஷம் வாங்கினது அண்ணே. ஏன்?”

“ஓடும்போது விரலை மடக்கிக்குது. ரெண்டு வாரமா பாக்குறேன்.”

வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றினால், இரண்டு பெருவிரல் நகமும் கறுத்திருந்தன. வலிக்கிறது என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. பயிற்சிக்கூடத்தில் யாரும் பார்க்கவில்லை, பெற்ற நானும் பார்க்கவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த நாளே புதுக் காலணி வாங்கினோம். அடுத்த மாதம் அவள் ஓடிய ஓட்டமே வேறு.

இதற்காக, இலவசமாக வருகிறவர்தான் உண்மையானவர், காசு வாங்குகிறவர் வியாபாரி என்று நான் எழுத மாட்டேன். அண்ணனிடமும் குறை உண்டு. தலையால் பந்தை முட்டும் பயிற்சியை எட்டு வயதுப் பிள்ளைகளுக்கும் கொடுத்தார். 2020ல் இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கமே தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் அது வேண்டாம் என்று வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. சொன்னேன். “நாங்கல்லாம் சின்ன வயசுலயே இப்படித்தான்மா ஆடினோம்” என்றார். முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அடுத்த வாரத்திலிருந்து அந்தப் பயிற்சி இல்லை. இன்னொன்று, அவர் மனைவிக்கு உடம்பு முடியாமல் போன சமயம் மூன்று சனிக்கிழமை பயிற்சியே நடக்கவில்லை. எல்லாம் ஒருவர் தலையில் இருந்தால் இப்படித்தான் ஆகும்.

எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. பள்ளிகளில் இணைப்பாட நடவடிக்கைக்கு வெளியிலிருந்து வரும் பயிற்றுவிப்பாளர்கள் தேசியப் பயிற்றுவிப்பாளர் பதிவேட்டில் இருக்க வேண்டும். 2003ல் தொடங்கிய பதிவேடு அது. அதில் சேர முதலுதவிச் சான்றிதழ் வேண்டும். எங்கள் அண்ணனிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. ஒரு பிள்ளை மயங்கி விழுந்தால் என்ன செய்வார் என்று நாங்களும் கேட்கவில்லை. தொண்டூழியம் என்பதால் கேட்கக் கூச்சப்பட்டோம். அந்தக் கூச்சம் தப்பு.

அதைச் சரிசெய்ய 16 குடும்பங்கள் சேர்ந்து, குடும்பத்துக்கு 30 வெள்ளி போட்டோம். மாதச் செலவுக்கு 50 வெள்ளி தருகிறோம் என்று முதலில் கேட்டபோது அண்ணன் மறுத்துவிட்டார். “காசு வாங்கினா சனிக்கிழமையும் வேலையாயிடும்மா.” எனக்கு அதில் உடன்பாடில்லை. சவர்க்காரத்துக்கும் பேருந்துக்கும் தன் கைக்காசைப் போட்டால்தான் தொண்டு என்று யார் சொன்னது? கடைசியில் முதலுதவி வகுப்புக்கும் பயிற்றுவிப்பாளருக்கான அடிப்படை வகுப்புக்கும் மட்டும் ஒப்புக்கொண்டார். மீதியில் நாலாம் எண் பந்து இரண்டு வாங்கினோம். வகுப்புக் குறிப்பெல்லாம் ஆங்கிலத்தில். அவர் ஆங்கிலம் நன்றாகப் பேசுவார், படிக்கத்தான் சிரமம். மூன்று இரவு எங்கள் புளோக்கின் கீழ்த்தளக் கல்மேசையில் உட்கார்ந்து நானும் அவரும் சேர்ந்து படித்தோம். நெஞ்சை அமுக்கும் பயிற்சியை மகளின் புத்தகப்பையை வைத்துப் பழகினார். இப்போது வருகைப் பதிவும் வெப்ப அளவு பார்ப்பதும் என் வேலை.

நட்சத்திரம் கேட்டால், பயிற்சிக்கூடத்துக்கு மூன்று, ஈசூன் குழுவுக்கு நான்கு. போட்டிகளில் ஆட வேண்டும், முறையாக ஒவ்வொரு படியாக ஏற வேண்டும் என்ற பிள்ளைக்குக் கட்டண வகுப்புதான் சரி. ஆனால் சேர்க்கும் முன் ஒரு பயிற்றுவிப்பாளருக்கு எத்தனை பிள்ளை, பருவம் முழுக்க அதே ஆள் வருவாரா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் குழுவில் பெற்றோர் ஒருவர் முறை வைத்துத் திடலில் நிற்க வேண்டும். பிள்ளையை விட்டுவிட்டு ஈரச்சந்தைக்குப் போய்வர நினைப்பவர்களுக்கு ஒத்துவராது. பெண் பிள்ளைகள் இப்போது ஐந்து பேர், இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. காலணி வாங்கும் முன் அண்ணனிடம் பிள்ளையின் காலைக் காட்டுங்கள். நுனியில் ஒரு கட்டைவிரல் அகலம் விட்டு வாங்கச் சொல்வார்.