மூக்குத் தண்டு வளைவு: நேரடி அறுவையா, எண்டோஸ்கோப்பியா?

வளைந்த மூக்குத் தண்டை, அதாவது இரு மூக்குத் துளைகளுக்கும் நடுவே உள்ள சுவரை, நிமிர்த்த இரண்டு அறுவை முறைகள் உண்டு. நாகர்கோவில் மருத்துவர் ஒன்றைச் சொல்ல, திருவனந்தபுரத்தில் இன்னொருவர் மற்றதைச் சொல்ல, குழம்பி நிற்பவர்களுக்காக இது.

வெட்டு: இரண்டிலும் மூக்கின் உள்ளேதான். முகத்தில் தழும்பு வராது.

பார்வை: நேரடி முறையில் நெற்றி விளக்கின் வெளிச்சம், எண்டோஸ்கோப்பியில் மெல்லிய குழாய்க் கேமரா, திரையில் பெரிதாகத் தெரியும். ஆழத்தில் துருத்தும் எலும்பு முள்ளுக்கு இதுவே மேல். அந்த இடத்தை மட்டும் திறந்தால் போதும். நுனியருகே குருத்தெலும்பு கோணியிருந்தாலோ கேமராவால் பெரிய லாபமில்லை, நேரடி முறையே சரி.

செலவு: தனியாரில் கேமராவுக்குப் பெரும்பாலும் கூடுதல். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் முதலில் விசாரியுங்கள்.

ஓய்வு: இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வலை இழுப்பவர்கள் மருத்துவர் சொல்லும்வரை கடலுக்குப் போகக் கூடாது.

சைனஸ் சிகிச்சையும் சேர்ந்தால் எண்டோஸ்கோப்பி வசதி. தும்மலும் அரிப்புமே தொல்லையென்றால் முதலில் ஒவ்வாமையைக் கவனியுங்கள். தண்டை நிமிர்த்தி அது போகாது.